பாலாகும் எண்ணெயும் பீபியம்மாவும்

ஆம்பூரிலிருந்து நான் இப்போது வேலை பார்க்கும் ஊருக்குத் தோல் கட்டு ஏற்றிவந்த லாரிக்காரர், கட்டுகளை இறக்கி முடிப்பதற்கு முன்பே என்னைத் தேடி வந்தார். "சார், நம்ம பீபியம்மா போய்ட்டாங்க. ஜும்மா தொழுகை முடிஞ்சு அடக்கமும் பண்ணிட்டாங்க. முனியம்மா உங்ககிட்ட சொல்லச் சொல்லிச்சு" என்றார். கட்டுகளை ஈரத் தரையில் இறக்குகிறாயே, கண் தெரியவில்லையா என்று அவரைக் கடிந்துகொண்டேன். எனக்குத் துக்கம் வந்தால் கோபமாகத்தான் வரும். பாவம், அந்த மனிதர் கட்டுகளைத் தூக்கித் திண்டில் வைத்தார்.

ஆம்பூர்க்காரர்களாகிய உங்களுக்கு நான் பீபியம்மாவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உங்களில் பாதிப்பேர் அழுதுகொண்டே அவர் கையில் வந்து விழுந்தவர்கள். ஹலீமாபீ என்ற அவருடைய சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. பேறுகாலம் பார்க்க அவர் எந்தத் தெருவுக்கும் போவார். சாயபுமார் வீட்டு மாடிப்படியும் ஏறுவார், தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னாலிருந்த சேரிக் குடிசைக்குள்ளும் குனிந்து நுழைவார். அடக்கமானவர் என்று அவரைச் சொன்னால் கபர்க்குழிக்குள் இருந்தே சிரிப்பார். "இந்தக் கையப் பாரு தம்பி. இது பட்டா செத்த கொழந்தயும் மூச்சு விடும்" என்று வெற்றிலைக் காவி படிந்த விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறார். அது முழுக்க உண்மையில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் மறுத்ததில்லை.

எங்கள் முதல் சந்திப்பே சண்டைதான். சென்னையில் ரசாயனம் படித்துவிட்டு, ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் எண்ணெய்க் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் வந்து சேர்ந்திருந்த காலம். பதனிட்ட தோல் காய்ந்தால் விறைத்துப்போகும். அது துணிபோல் மடங்க வேண்டுமானால் எண்ணெய் உள்ளே இறங்க வேண்டும். வெறும் எண்ணெய் தண்ணீரோடு சேராது, தோலின் மேலேயே நின்றுவிடும். ஆகவே விளக்கெண்ணெயில் கந்தகத் திராவகத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சூடேறாமல் கிளறி, ஊறவைத்து, உப்புத் தண்ணீரில் கழுவி, கடைசியில் சோடாக் கரைசல் விட்டுப் புளிப்பை முறிப்போம். இப்படிச் செய்த எண்ணெய் தண்ணீரில் விட்டவுடன் கலந்துவிடும். சீமையிலிருந்து பீப்பாயில் வந்துகொண்டிருந்ததை உள்ளூரிலேயே செய்கிறோம் என்று எங்கள் முதலாளி சாயபுக்குப் பெருமை. கூடத்து ஆட்கள் அதைச் சிவப்பெண்ணெய் என்றார்கள்.

இதற்காக ஒடுகத்தூர்ப் பக்கத்து விளக்கெண்ணெயை எல்லாம் நாங்கள் வளைத்து வாங்கிவிட்டோம். ஒருநாள் காலையில் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ஓர் அம்மாள் கேட்டுக்காரனைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார்.

"எண்ணெய்க்காரத் தம்பி யாரு, நீயா? ஊர்ல இருக்கிற விளக்கெண்ணெய எல்லாம் செத்த ஆட்டுத் தோலுக்கு ஊத்திட்டா, பொறந்த கொழந்தைக்கு நான் இன்னாத்த தேய்க்கிறது?"

நான் முறைப்படி விண்ணப்பித்தால் முதலாளியிடம் பேசுகிறேன் என்றேன். "விண்ணப்பமா? கொழந்த விண்ணப்பம் போட்டுட்டா பொறக்குது?" என்றார். கூடமே சிரித்தது. அன்று முதல் மாதம் ஒரு சின்ன டின் சுத்தமான விளக்கெண்ணெய் அவருக்கென்று எடுத்து வைப்பது வழக்கமாயிற்று. என்னைத் "திராவகத் தம்பி" என்று அழைப்பதும் அன்றே தொடங்கியது.

ஆனால் ஒரு டின் எத்தனை வீட்டுக்குக் காணும்? நம் ஊரில் விளக்கெண்ணெய் வெறும் எண்ணெயா! குழந்தையின் உச்சிக்கு அது, வயிற்றுக்கு அது, கண் பொங்கினால் ஒரு சொட்டு அதுதான். விளக்கெண்ணெய் கிடைக்காவிட்டால் கண்ணுக்குத் தாய்ப்பால். இந்த இரண்டையும் தாண்டி மூன்றாவது மருந்தை நம் பெண்கள் நம்பியதில்லை.

சிவப்பெண்ணெய் தண்ணீரில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று நான் இன்னும் சொல்லவில்லை. பாலாகிவிடும். ஒரு சொட்டு விட்டால் போதும், ஒரு குவளைத் தண்ணீரும் வெண்மையாகப் பொங்கிப் பாலாக நிற்கும். கூடத்தில் வேலை செய்த சின்னசாமி இதைத் தன் மனைவி முனியம்மாவுக்கு வேடிக்கை காட்ட ஒரு குப்பியில் கொஞ்சம் எடுத்துப் போயிருக்கிறான். அவனைப் பார்த்து மற்றவர்களும் எடுத்துப் போயிருக்கிறார்கள். விளக்கெண்ணெய்க்கு விளக்கெண்ணெயும் ஆயிற்று, பாலுக்குப் பாலும் ஆயிற்று. கண்ணுக்கு இதைவிட நல்ல மருந்து உண்டா? கூடத்துச் சுவரில் நான் மண்டையோட்டுப் படம் எழுதி மாட்டியிருந்தேன். அது முதலாளி வீட்டுத் திருஷ்டிப் படம் என்று ஆட்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முனியம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த சில நாளில் குழந்தையின் கண்ணில் பீளை கட்டியது. தாய்க்குப் பால் சரியாக ஊறவில்லை. பீபியம்மாவின் டின்னும் காலி. சின்னசாமியின் தாய் மாடத்திலிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தாள். பீபியம்மா முகர்ந்து பார்த்தார், விளக்கெண்ணெய் வாசனைதான். தண்ணீரில் விட்டுக் கலக்கினார், பாலாயிற்று. குழந்தையின் ஒரு கண்ணைத் திறந்து ஒரு சொட்டு விட்டார்.

குழந்தை வீறிட்ட விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். "கொழந்த அழுவுறதுல எனக்குத் தெரியாத அழுக இல்ல தம்பி. அது வேற அழுக" என்று பின்னால் சொன்னார்.

பகல் சாப்பாட்டு வேளை. ஆட்கள் எல்லாம் முற்றத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே பீபியம்மா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். முக்காடு தோளில் கிடந்தது. பின்னால் முனியம்மா, மாமியார். சின்னசாமியின் முகம் வெளிறிப்போனது. எண்ணெய் எடுத்துப் போனது தெரிந்தால் மேஸ்திரி அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார். அவன் முந்திக்கொண்டு, "தூசி விழுந்திருக்கும் சார்" என்றான். மாமியார், "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்றாள். சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் தலையாட்டினார்கள். தூசி என்றால் ஊதிவிட்டு அனுப்பியிருப்போம். திருஷ்டி என்றால் மிளகாய் சுற்றியிருப்பார்கள். அதற்குள் அந்தக் கண் அவிந்துபோயிருக்கும்.

"தூசியும் இல்ல, திருஷ்டியும் இல்ல" என்று பீபியம்மா முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "உன் எண்ணெய். நான்தான் ஊத்துனேன். இந்தக் கைதான். குப்பி இதோ இருக்குது, இன்னான்னு பாரு."

இடுப்பிலிருந்து குப்பியை எடுத்து நீட்டினார். திராவகம் பட்டால் சிவக்கும் நீலத் தாள் ஒன்றை நான் அதில் நனைத்தேன். சட்டென்று சிவந்தது. சோடா விட்டுப் புளிப்பை முறிப்பதற்கு முன்பே தொட்டியிலிருந்து மொண்ட எண்ணெய் அது. திராவகம் அதில் இன்னும் மிச்சம் இருந்தது. மாமியார் உடனே, "யாராச்சும் பால் பீச்சி ஊத்துங்கடி" என்று கூவினாள். "ஒண்ணும் ஊற்றக் கூடாது! தண்ணீர், தண்ணீர் மட்டும்தான், நிறையத் தண்ணீர்!" என்று நான் கத்தினேன்.

தண்ணீர் என்று சொல்லிவிட்டேனே தவிர, எந்தத் தண்ணீர்? எங்கள் கிணறு சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில் இருந்தது, வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர் இருந்தது ஒரே இடத்தில்தான். முற்றத்து ஓரத்தில், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்வதற்காக முதலாளி கட்டியிருந்த தொட்டி. சேரி ஆட்கள் அதன் அருகே போனதில்லை. பீபியம்மா நேரே அங்கே போய்ப் படியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தினார். யாரோ முணுமுணுத்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அல்லா தண்ணிய இதுக்குத்தான் குடுத்தான். இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க, கெண்டிய எடுங்க!" என்றார்.

குழந்தையின் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூக்குப் பக்கத்தில் ஊற்றிய தண்ணீர் காதுப் பக்கமாக ஓடும்படி, நல்ல கண்ணுக்குள் ஒரு துளியும் போகாமல் கழுவ வேண்டும் என்று நான் சொன்னேன். இமையை விரலால் விலக்கிப் பிடித்து அவர் கழுவினார். புழுப்போல் நெளியும் பச்சைக் குழந்தையின் இமையைப் பிடிக்க என் கையால் ஆகியிருக்காது. கெண்டி கெண்டியாகத் தண்ணீர் போயிற்று. நான் ஊற்றினேன், பிறகு மேஸ்திரி ஊற்றினார், பிறகு முணுமுணுத்தவரே வாங்கி ஊற்றினார். போதுமா போதுமா என்று எல்லோரும் கேட்டபோதும் நான் விடவில்லை. பீபியம்மாவின் உதடு மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. நீலத் தாளைக் கன்னத்து ஈரத்தில் வைத்துப் பார்த்து, அது நீலமாகவே இருந்த பிறகுதான் நிறுத்தச் சொன்னேன்.

பீபியம்மாவும் முனியம்மாவும் குழந்தையோடு ரயிலேறிக் காட்பாடி போய், அங்கிருந்து ஜட்கா வண்டியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே கண் பார்த்த டாக்டரம்மாள் முதலில் கேட்டது "என்ன விட்டீர்கள்?" என்பதைத்தான். பீபியம்மா குப்பியை மேசைமேல் வைத்து மறுபடியும் முழுவதையும் சொன்னாராம். மருத்துவச்சிகளை டாக்டர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. டாக்டரம்மாள் திட்டவில்லையாம். "கழுவாமல் கொண்டுவந்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. சொல்லாமல் இருந்திருந்தால் நான் வேறு எதையோ செய்திருப்பேன்" என்று மட்டும் சொன்னாராம். இதை முனியம்மா சொல்லித்தான் நான் அறிவேன். தனக்குச் சாதகமான பேச்சைப் பீபியம்மா என்னிடம் சொல்லவேயில்லை.

திரும்பி வந்தவரைத் தேற்ற நான் அவர் வீட்டுக்குப் போனேன். யானைக்கும் அடி சறுக்கும் என்றேன். வெடுக்கென்று திரும்பினார். "யானை சறுக்குனா யானைக்குத்தான் அடி. இங்க அடி யாருக்கு?"

மறுநாள் காலை ஒரு கூடையை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கிளம்பினார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு. "சிவப்பெண்ணெய் வெச்சிருக்கியா? எடுத்துட்டு வா. நான் அத ஊத்தி ஒரு கொழந்த கண்ணக் கெடுக்கப் பாத்தேன். அது எண்ணெய் இல்ல, தோலுக்குப் போடுற மருந்து. தலைக்கும் வேணாம், வயித்துக்கும் வேணாம், காலி குப்பில தண்ணி கூட புடிக்காத." சிலர் இல்லையென்று சாதித்தார்கள். அங்கே உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் அந்தக் கூடையை என் மேசைமேல் இறக்கினார். அத்தனை குப்பிகள் என் கூடத்திலிருந்து போயிருக்கின்றன என்று அன்றுதான் தெரிந்தது. மேஸ்திரி ஒவ்வொன்றும் யார் வீட்டுக் குப்பி என்று விசாரித்தார். "எல்லாம் என் வீட்டுதுதான்" என்றார் பீபியம்மா.

அவரும் நானும் அன்று வெகுநேரம் பேசினோம். இன்னும் பெரிய மண்டையோடு எழுதுகிறேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். "பேய்ப் படத்துக்கு எவன் பயப்படுவான்? வாசன நல்லா இருக்குது, எடுத்துட்டுப் போறான். நாறடிச்சுப் பாரு." எனக்குப் பளிச்சென்றது. தோலுக்குப் போடும் நேரத்தில் நாங்கள் எப்படியும் கொஞ்சம் மீன் எண்ணெய் சேர்ப்போம். அதைத் தயாரிக்கும்போதே சேர்த்துவிட்டால் என்ன? சேர்த்தோம். அந்த நாற்றத்துக்குப் பிறகு ஒரு சொட்டும் கேட்டைத் தாண்டவில்லை. என் சட்டையும் நாறியது. என் சம்சாரம் பேசாமல் இருந்தது கொஞ்ச நாள்தான், பிறகு பழகிவிட்டாள். கூடத்துக்குள்ளேயே மூடிபோட்ட நல்ல தண்ணீர்த் தொட்டியும் வந்தது. எவர் கண்ணில் எது தெறித்தாலும் எவரும் மொண்டு ஊற்றலாம். அதன் மேல் எழுதுவதற்கு வாசகம் கேட்டேன். "மொதல்ல தண்ணி, அப்புறம் பேச்சு" என்றார். அப்படியே எழுதினேன். சோடா முறிக்காத தொட்டிக்கு அன்றைக்கே பூட்டும் போட்டேன்.

எண்ணெய் அடங்கியது, ஊர் வாய் அடங்கவில்லை. உண்மையைச் சொன்னதற்குக் கூலி கிடைத்தது. பெரிய வீடுகளில் அவரைக் கூப்பிடுவது நின்றது. கண் அவித்தவள் என்று காதுபடச் சொன்னவர்கள் உண்டு. குழந்தை கண் திறந்து தாயைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய பிறகும் பேச்சு ஓயவில்லை. தூசி என்று சொல்லியிருந்தால் அவர் பிழைப்புக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. இதை நான் ஒருமுறை வாய்விட்டே சொன்னேன். "பேஜார் பண்ணாத தம்பி. அப்ப அடுத்த வீட்டுலயும் ஊத்தியிருப்பேன்ல?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார். ஆனால் அந்தக் காலத்தில் அவர் கையை நீட்டிப் பெருமை பேசவில்லை. அது எனக்கு வேதனையாக இருந்தது.

அவரை மறுபடியும் முதலில் கூப்பிட்டவள் யார் தெரியுமா? அதே முனியம்மா. இரண்டாவது பேற்றுக்கு வலி கண்டதும் சின்னசாமியை அனுப்பினாள். "வேற ஆளப் பாருப்பா" என்று பீபியம்மா மறுத்துவிட்டார். இடுப்பு வலியோடு முனியம்மாவே நடந்து வந்து வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பீபியம்மா, உங்க கையால இன்னா தப்பு நடந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். மத்தவங்க கையால நடந்தது யாருக்குத் தெரியும்? நான் உங்களத்தான் நம்புறேன். வர்றீங்களா, இல்ல இங்கியே பெத்துக்கட்டுமா?" பீபியம்மா எழுந்து போனார். ஆண் குழந்தை. மறுநாள் அந்தக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. அதன்பின் ஒவ்வொரு வீடாகத் திரும்பி வந்தது.

கண் பிழைத்த அந்த மூத்தவள் ராஜாத்தியை எங்கே கண்டாலும் அவர் விடமாட்டார். அந்தப் பெண்ணின் நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "என் மூக்குல இன்னா இருக்குது சொல்லு" என்பார். "மூக்குத்தி" என்பாள் அவள். "கல்லு இன்னா கலரு?" "செவப்பு." சரியாகச் சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம். பேரீச்சம்பழத்துக்காகவே அந்தப் பெண் அவர் எதிரே போய் நிற்பாள்.

செய்தி கேட்டதும் நான் ஆம்பூருக்குப் போனேன். மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்திருந்தது. அவர் வீட்டு வாசலில் எல்லாத் தெருவினரும் இருந்தார்கள். முனியம்மா அழுது முகம் வீங்கியிருந்தாள். ராஜாத்தி ஒரு மூலையில் உட்கார்ந்து, வயதான பெண்களுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்குத் தர, துணிப் பையில் ஏதோ போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நூல் முனையை நனைத்து ஒரே முயற்சியில் கோத்துவிடுகிறாள். கிட்டே போய் அவள் கண்களைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோல் கருகருவென்று இருந்தன.

"எந்தக் கண்ணும்மா அது?" என்று அவளைக் கேட்டேன். தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினாள். முனியம்மா யோசித்து, "வலதுதான்" என்றாள். சின்னசாமி, "இல்லியே, இடது" என்றான். "பெத்தவ நான், எனக்குத் தெரியாதா?" என்று இவளும், "தண்ணி ஊத்தும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்" என்று அவனும் துக்க வீட்டிலேயே வாதாடினார்கள். கடைசியில் இருவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சுற்றியிருந்தவர்களுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. அந்தத் துன்பத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள். மறக்கும்படி அது ஆறிவிட்டது. பீபியம்மாவுக்கு இதைவிட நல்ல அஞ்சலி என்னால் எழுத முடியாது.

ஊரில் மறக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். எந்தக் கண்ணைப் பொத்த வேண்டும் என்று அவர் கை ஒருநாளும் தடுமாறியதில்லை. இப்போது அவர் இல்லை. என் கூடத்துக்குப் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும், தொட்டியைக் காட்டுவதற்கு முன் நான் இந்தக் கதையைச் சொல்கிறேன். இனிமேலும் சொல்வேன். எந்தக் கண் என்ற அந்த நினைவு ஒன்றைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டேன். தண்ணீர் ஊற்றியவர்களில் நானும் ஒருவன், எனக்கு நிச்சயமாகத் தெரியும். இடது கண்.